தாய்மாமன் அரைத்த மாவு

எங்கள் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்து, தாய்ப்பாலோடு சோறும் ஊட்ட ஆரம்பித்தோம். எங்கள் சந்தில் எத்தனை டாக்டர்கள் குடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டின சந்து அது. மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "பருப்புத் தண்ணி குடு, கன்னம் தானா உப்பும்" என்பார். பால் ஊற்றுகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, வாழைப்பழத்தில் எது ஆகும் எது ஆகாது என்று ஒரு பாடம் நடத்துவார். நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கடைக்கு ஜார் கொண்டு வரும் அம்மாக்களிடம் வாயைக் கொடுத்தால் போதும், நான் பிளேடு மாற்றி முடிப்பதற்குள் பாப்பாவின் ஒரு வருஷச் சாப்பாட்டை முடிவு செய்துவிடுவார்கள். எனக்கும் கேட்கப் பிடிக்கும். யார் பேச்சில் நல்ல வார்த்தை விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்கிற ஆள் நான்.

அப்படிப் பொறுக்கினதிலேயே நல்லது, எங்கள் குழந்தை டாக்டர் அம்மா சொன்னதுதான்.

"புதுச் சாப்பாடுங்கிறது பொண்ணு பார்க்க வர்ற மாப்பிள்ளை மாதிரி. ஒருத்தரா வரணும், காலை நேரத்துல வரணும். நாலு பேரு கும்பலா வந்துட்டுப் போனா, வெள்ளிச் சொம்பைத் தூக்கினவன் எவன்னு எப்படித் தெரியும்?"

அதாவது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். முதல் நாள் ஒரு ஸ்பூன். அதையே ரெண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. காலையில் கொடுத்தால் பகல் முழுக்கக் கண்ணெதிரில் இருக்கும், ஏதாவது என்றால் டாக்டரும் கிடைப்பார். "முட்டை, நைசா அரைச்ச வேர்க்கடலை இதையெல்லாம் பயந்துகிட்டுத் தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போடறதுனால ஒரு லாபமும் இல்ல" என்றும் சொல்லி அனுப்பினார்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர், அப்போது லீவில் இருந்தாள். டாக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். நான் கடைக்குக் கிளம்பும்போது கேட்பேன்.

"இன்னைக்கு யாரு மாப்பிள்ளை?"

"கேரட்டு."

"பையன் எப்படி?"

"பையன் தேவலை. உங்க பொண்ணுதான் தலையில பூசிக்கினா."

பச்சரிசி, பாசிப்பருப்பு, கேழ்வரகு, முட்டை எல்லாரும் நல்லபடியாக வந்து போனார்கள். தக்காளி ரசம் மட்டும் ஒரு நாள் கலாட்டா செய்தது. ரசம் சோறு ஊட்டின கையோடு வாயைச் சுற்றிச் சிவந்துவிட்டது. அள்ளிக்கொண்டு ஓடினோம். டாக்டர் வீடு எங்கள் சந்து முனையில்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் சிவப்பைக் காணோம். டாக்டர் அம்மா சிரித்துவிட்டார்.

"புளிப்பு பட்டு தோல் எரிஞ்சிருக்கு, அவ்ளோதான். சாப்பாடு பட்ட இடம் மட்டும் சிவந்து, துடைச்சதும் போயிட்டா கவலையில்ல. கொசு கடிச்ச மாதிரி தடிப்பு தடிப்பா எழும்பினாலோ, படாத இடத்துலயும் வந்தாலோ, உதடு வீங்கினாலோ, விடாம வாந்தி எடுத்தாலோ உடனே வாங்க. மூச்சு இழுத்தாலும் குழந்தை துவண்டாலும் என்னைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க, 108 கூப்பிடுங்க."

இந்தக் கதையில் அடுத்து வருகிறவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிற சின்னக் கொட்டகை வைத்திருக்கிறான். பாப்பா பிறந்த அன்றைக்கே அவளை "மருமகளே" என்று கூப்பிட்டவன். தொட்டிலுக்குள் தலையை விட்டு, "மாமன் மடியில உக்காந்து எப்ப காது குத்திக்கப் போற?" என்பான். ஒரு வயசுக்குள் குத்திவிடலாம் என்று பேச்சு எழுந்ததுதான் தாமதம், வேட்டி சட்டை எடுத்துத் தைத்தே வைத்துவிட்டான்.

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதடா, அவளுக்கு இன்னும் தலையே சரியா நிக்கல" என்று அப்போது அவன் அக்கா திட்டியிருக்கிறாள்.

அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு வந்தான். சத்துமாவு.

"நானே வறுத்து, மில்லுல நானே பக்கத்துல நின்னு அரைச்சதுக்கா. கடையில விக்கிறதுல என்னத்தப் போடுறானோ."

"நீ என்னத்தடா போட்ட?"

"கேவுரு, பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் பொட்டுக்கடலை. வாசத்துக்கு ஒரு ஏலக்கா."

என் மனைவி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கேழ்வரகும் அரிசியும் பருப்பும் ஏலக்காயும் பழைய ஆட்கள். புதுசு பொட்டுக்கடலை ஒன்றுதான். சரி, ஒரே மாப்பிள்ளை. மறுநாள் காலையில் கஞ்சி காய்ச்சி, தானும் ஒரு வாய் ருசி பார்த்து, "அப்படியே எங்க வீட்டு வாசம்" என்று பூரித்துப்போய் ஊட்டினாள்.

நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா கண்ணைக் கண்ணைக் கசக்கினாள். தாடையில் ஒரு தடிப்பு, காதோரம் ஒன்று. சட்டையைத் தூக்கினால் வயிறெல்லாம். மேல் உதடு வீங்கிப்போய், குடித்த கஞ்சி முழுக்க வெளியே வந்தது.

"ஏங்க, இது ரசம் இல்லைங்க" என்றாள் என் மனைவி.

பாதிப் பொத்தானோடு ஓடினேன். டாக்டர் அம்மா முதலில் தொடையில் ஊசி போட்டார். மூச்சைப் பார்த்தார். மத்தியானம் தாண்டியும் வீட்டுக்கு விடவில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சாயங்காலம் பாப்பா அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்த பிறகுதான் எங்களுக்கு உட்காரவே தோன்றியது.

"அந்த டப்பாவை இனி தொடாதீங்க. ஏற்கெனவே ஒத்துக்கிட்டதெல்லாம் வழக்கம்போல கொடுங்க. புதுசு பொட்டுக்கடலைதானே? சந்தேகம் அது மேலதான்" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா அது இவ்ளோ கோவக்காரப் பையன் இல்லையே. ரத்தத்துல டெஸ்ட் எடுக்கலாம். ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு எடுத்தாத்தான் பிரயோஜனம்."

வழக்கம்போலக் கொடுங்கள் என்று அவர் சொன்னார். என் மனைவிக்குத்தான் கை வரவில்லை. முட்டை நின்றது, பருப்பு நின்றது. வெறும் பச்சரிசிக் கஞ்சி மட்டும்தான். நாங்கள் இட்லி சாப்பிட்டால், பாப்பா எங்கள் கை போகிற இடத்துக்கெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். எடை ஏறவில்லை.

"காதுகுத்துக்கு நூறு பேரு வருவாங்க. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டாம போக மாட்டாங்க. எதுன்னு சரியாத் தெரியாம நான் எப்படிங்க இவளக் கூட்டிக்கினு போவேன்? இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடுங்க."

மச்சானோ போனில் சபதமே போட்டுவிட்டான். பொட்டுக்கடலை இனி அவன் வாசல்படி மிதிக்காதாம். ஓட்டலில் சட்னி வைத்தால்கூட கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறானாம்.

அவனிடம் விசேஷம் தள்ளிப் போவதை போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு நேரில் போனேன். கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய வாணலியில் கேழ்வரகை வறுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா! மருமகளுக்குப் புது மாவு. பொட்டுக்கடலை சனியன் இல்லாம."

சொல்லிக்கொண்டே பக்கத்துச் சட்டியில் கையை விட்டு, உடைந்த முந்திரிப் பருப்பு ஒரு பிடி அள்ளி வாணலியில் போட்டான். அவன் பேச்சும் நிற்கவில்லை, கரண்டியும் நிற்கவில்லை.

"மச்சான், இன்னாது இப்ப போட்டது?"

"எது?"

"கையால அள்ளிப் போட்டியே."

"இதுவா? முந்திரி."

"அன்னைக்கும் போட்டியா?"

"போடாம?"

"உங்க அக்கா கேட்டப்ப சொல்லவே இல்லையே!"

அவன் என்னைப் பார்த்த பார்வை, பைத்தியக்காரனைப் பார்க்கிற பார்வை. "முந்திரிய யாராச்சும் சொல்லுவாங்களா மாமா? சோத்துக்கு என்ன போட்டன்னு கேட்டா அரிசிம்போம். தண்ணி ஊத்தினேன்னு சொல்லுவமா?"

அந்த வீட்டில் பெண் எடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? அங்கே முந்திரி டப்பாவுக்கு மூடி கிடையாது. பிள்ளைகள் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகும். என் மனைவி மாடி வீட்டு அக்காவுக்குக் குருமா சொல்லிக்கொடுக்கும்போது பட்டை, சோம்பு, தேங்காய் என்று எல்லாம் சொல்வாள், முந்திரியைச் சொல்லமாட்டாள். அரைக்கும்போது மட்டும் கை தானாகப் போகும். அவளுக்கும் அந்தக் கஞ்சியில் எங்க வீட்டு வாசம்தான் தெரிந்தது, முந்திரி தெரியவில்லை.

மச்சானுக்கு விஷயம் உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. கேழ்வரகு தீய ஆரம்பித்தது. அவன் கிண்டவில்லை. தன் சட்டையை மூக்கில் வைத்து மோந்து பார்த்தான்.

"அப்ப நான்தானா மாமா? இந்தச் சட்டையோடதான அவளத் தூக்கிக்கினு திரிஞ்சேன்."

"இன்னும் எதுவும் உறுதியில்லடா. டாக்டர் சொல்லட்டும்."

"இல்ல மாமா. காதுகுத்துக்கு வேற யாரு மடியிலயாச்சும் உக்கார வைங்க. பெரியப்பா பசங்க இருக்கானுங்க. எனக்கு வேணாம்."

வாசலில் கொடிக்கம்பியில் காதுகுத்துக்குத் தைத்த அந்தப் புதுச் சட்டை தொங்கியது. வெயிலில் காயவைத்திருந்தான்.

டாக்டர் அம்மாவிடம் சொன்னதும் மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா, மாப்பிள்ளைக்குத் துணைக்கு வந்தவன் கதவுக்குப் பின்னாடி நின்னிருக்கான்!" முந்திரிக்கு என்று குறித்து ரத்த டெஸ்ட் எடுக்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முந்திரியேதான். பிஸ்தாவும் கிட்டே வரக்கூடாது, ரெண்டும் பங்காளிகள் என்றார். வீட்டில் நாங்களாகக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கிற வேலையே ஆகாது, வளர வளர அவரே பார்த்துச் சொல்வார். பொட்டுக்கடலையை அவர் கண்ணெதிரிலேயே ஊட்டச் சொன்னார். பாப்பா சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். பொட்டுக்கடலைக்கு விடுதலை.

மச்சான் மடியைப் பற்றியும் கேட்டேன்.

"முந்திரி விக்கிறவரு மாமனா இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு, சட்டை மாத்திக்கிட்டு வரச் சொல்லுங்க."

நானும் என் தொழிலைக் காட்டினேன். வீட்டு ஜாரைக் கழற்றிப் பார்த்தால், பிளேடுக்கு அடியில், வாஷர் இடுக்கில், பழைய குருமாவின் முந்திரி ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் சுத்தமாகாது, ரிப்பேர்க்காரன் சொல்கிறேன். பாப்பாவுக்கென்று தனி ஜார் வாங்கி, மூடியில் சிவப்பு நகச்சாயம் பூசி வைத்தேன். மனைவிக்குக் கை திரும்ப வந்தது. முட்டை வந்தது, பருப்பு வந்தது. கன்னம் தானாக உப்பியது. மாடி வீட்டு அக்கா அது தன் பருப்புத் தண்ணி என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காதுகுத்தைச் சிதம்பரத்திலேயே சின்ன மண்டபம் பிடித்து வைத்தோம். மச்சான் காலையிலேயே வந்து சமையல் கட்டில் நின்றுகொண்டான். சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முந்திரி இல்லாத சர்க்கரைப் பொங்கலா? அதுவும் உங்க வீட்டு விசேஷத்துலயா? வெளிய தெரிஞ்சா அடுத்த ஆர்டர் எனக்கு வராதுங்க."

"திராட்சைய ஜாஸ்தியா போடுங்கண்ணே. கேட்டா என் பேரச் சொல்லுங்க."

திட்டக்குடியிலிருந்து வந்த அவன் பெரியப்பா பந்தியில் பொங்கலைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். "ஏண்டா, கொட்டகை முழுக்க மூட்டையா அடுக்கி வச்சிருக்க, ஒரு பருப்பு போட வக்கில்லையா? கஞ்சப்பய!"

"ஆமா பெரியப்பா, கஞ்சன்தான். கையக் கழுவிக்கினு வந்து பாப்பாவத் தொடுங்க. சோப்பு அங்க இருக்குது. ஊட்ட மட்டும் கூடாது, அக்கா ஒருத்திதான் ஊட்டும்."

அவ்வளவு அதட்டல் போட்டவன், மணையில் உட்காரும் நேரம் வந்ததும் பின்வாங்கினான். குளித்து, புது வேட்டி சட்டை போட்டு, விபூதி பூசி ஜம்மென்றுதான் இருந்தான். ஆனாலும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முந்திரி ஓட்டின் பால் பட்டுப் பட்டுக் கறுத்த விரல்கள், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

"மாமா, நீங்களே..."

"உக்காருடா" என்று பாப்பாவை அவன் மடியில் வைத்துவிட்டாள் அவன் அக்கா.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். மண்டபமே அதிர ஒரு கத்தல். கத்தின வாயோடு பாப்பா கைக்குக் கிடைத்ததை, மாமனின் அந்தக் கறுத்த சுட்டுவிரலை, இழுத்து வாயில் போட்டுக் கடித்தாள். புதுசாக முளைத்த ரெண்டு பல்லாலும். மச்சான் முகம் வெளுத்துப்போய் விரலை உருவப் பார்த்தான்.

"கழுவின கைதானடா, விடு" என்றாள் என் மனைவி.

அவன் விட்டான். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு, எச்சில் ஒழுக ஒழுக அந்த விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆசாரி அடுத்த காதுக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். மச்சானுக்குக் கண் கலங்கியிருந்தது. பிடிக்க அவனுக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது.