வேலை கொடுக்காத ஆள்

இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வேலைக்கு வந்த நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். அதில் ஒருவர் எங்களைவிட மூத்தவர். ஒடிசலான உடம்பு, சவரம் செய்யாத முகம். ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் பழைய லேப்டாப்பில் ராஜ்ஜியம் கட்டும் விளையாட்டு ஆடுவார். ஆட்களை ஏவி மரம் வெட்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, எதிரியோடு சண்டை போட வேண்டும்.

எல்லா ஆட்டத்திலும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவர் வேலை தரமாட்டார். அவன் மதில் ஓரமாக நின்றுகொண்டே இருப்பான்.

ஒருநாள் கேட்டேன். “இன்னாண்ணா, ஒர்த்தன் சும்மா நிக்கிறான். மரம் வெட்ட அனுப்புண்ணா.”

“நிக்கட்டும் வுடு.”

“அவனுக்கு மட்டும் ஓசிச் சோறா?”

அவர் சிரிக்கவில்லை.

“நான் லைன் லீடரா இருந்தப்ப ஒர்த்தன் இப்டிதான் நின்னுகினு இருந்தான். ப்ரெஸ் மெஷினுக்கு ஆள் வரல. நீ போய் நில்லுடான்னேன். அந்த மெஷின் தெரியாதுன்னு சொன்னான். போடான்னேன். டீ பிரேக்குக்குள்ள அதுல மாட்டி செத்துட்டான்.”



அந்த ஆட்டத்தில் எதிரிப் படை நுழைந்து எல்லாவற்றையும் கொளுத்தியது. அவர் கோட்டையைக் காப்பாற்றவில்லை. அந்த ஒருவனை மட்டும் காட்டுக்குள் கூட்டிப் போனார். கடைசி ஆள் சாகும்வரை ஆட்டம் முடியாது.

தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மவுசை என் கையில் கொடுத்து, “பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அன்று லீவு. குதிரை வீரர்கள் நெருங்கும்போதெல்லாம் அவனை வேறு மரத்தடிக்கு நகர்த்தினேன். இருட்டும்வரை நகர்த்தினேன். ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கலாம். அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.