மருந்துத் தண்ணீர் குடித்த கோழிகள்

ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் கறிக்கோழிப் பண்ணையில் செங்கமலம் வேலைக்குச் சேர்ந்தபோது மகள் கீதாஞ்சலி கைக்குழந்தை. இப்போது அவள் எட்டாவது படிக்கிறாள். இத்தனை வருஷத்தில் பண்ணைக்கு முதலாளி மாறினார், கூரை மாறியது, செங்கமலம் மட்டும் மாறவில்லை. குஞ்சு இறங்கினால் லைட் போடுவது, தீவனம் கொட்டுவது, எரு வாருவது எல்லாம் அவள்தான். குஞ்சு தலையைத் தொங்கப்போட்டால் தண்ணீர்த் தொட்டியில் மருந்துப் பவுடரைக் கலக்கவேண்டும். தொங்கப்போடாவிட்டாலும் கலக்குவார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

அந்தப் பவுடரின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை குலதெய்வத்தின் மேல்கூட இருந்ததில்லை. மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வீட்டு நாட்டுக்கோழிகளின் தண்ணீர்ச் சட்டியிலும் ஒரு சிட்டிகை போட்டுவிடுவாள். ஒரு கோடையில் சீக்கு வந்து தெருக் கோழியெல்லாம் சுருண்டு விழுந்தபோது இவள் கோழிகள் மட்டும் கொழுகொழுவென்று மேய்ந்தன. அது தற்செயல் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து செங்கமலம் வீட்டு முட்டைக்குத் தெருவில் தனி மரியாதை.

கீதாஞ்சலி பெரிய மனுஷியானாள். சிமெண்டு லாரி ஓட்டும் அப்பன் முத்துவேல் ஊருக்கே லட்டு கொடுத்தான். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டை, குடித்த ஓட்டிலேயே நிறைய நல்லெண்ணெய், பிறகு உளுந்தங்களி. பெண்ணைப் பெற்றவர்கள் செய்கிற வழக்கம்தான் இது. கடை முட்டையை நம்பாமல், அத்தனையும் தன் கோழி முட்டையாகவே எடுத்துவைத்திருந்தாள் செங்கமலம்.

"அம்மா, கவுச்சி அடிக்குதும்மா. வாணாம்மா."

"கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்கா முழுங்குடி. இடுப்புக்கு பெலம். நாளைக்கு நீ புள்ள பெக்கறப்ப என்னை நெனச்சுக்குவ."

ஒருநாள் அவள் துப்பப் பார்த்தாள். செங்கமலம் மூக்கைப் பிடித்து ஊற்றினாள்.

சடங்கு முடியுமுன்பே வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்துவிட்டன. உளுந்து சேரவில்லை என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். செங்கமலம் மிளகாய் சுற்றிப் போட்டாள். மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டாள். கடைக்காரர் நாலைந்து மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. இன்னொரு செட்டு வாங்கினாள். பிறகு டவுனில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். இதற்குள் பிள்ளை எழுந்து உட்காரக்கூட முடியாமல் போனாள், வயிறு மட்டும் கல்லாட்டம் வீங்கியது.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைக் கிழித்தார்கள். குடல் ஓட்டையாகியிருந்தது. ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் கலையரசி செங்கமலத்தைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சின்ன வயசுக்காரிதான். தூங்காத கண்.

"இது டைபாய்டுக்குப் பங்காளி மாதிரி ஒரு கிருமிம்மா. சால்மோனெல்லான்னு பேரு. கோழி, முட்டையிலேருந்து வரும். சாதாரணமா கேக்கற மருந்து எதுக்குமே இது அடங்கல. பாப்பா என்ன சாப்பிட்டா?"

"நல்லதுதாங்க குடுத்தேன். எங்க வூட்டுக் கோழி முட்டை. எங்க கோழிக்குச் சீக்கே கெடையாதுங்க. மருந்து வச்சுதான் வளக்குறேன்."

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன மருந்தும்மா?"

செங்கமலம் பண்ணைப் பவுடரைப் பற்றிச் சொன்னாள். சட்டியில் போடும் சிட்டிகையையும் சொன்னாள்.

"கோழி நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கிருமி அது வயித்துல தங்கும். மருந்து போடப் போட, சாகறது செத்துடும், சாகாதது மட்டும் பெருகும். அப்புறம் அதே ஜாதி மருந்த மனுஷனுக்குக் குடுத்தா அது கண்டுக்கவே கண்டுக்காது. நீங்க வாங்கின மாத்திரையும் அதே ஜாதிதான்." பேனாவை மறுபடி எடுத்தாள். "கேக்கக்கூடிய மருந்து ஒண்ணு இருக்கு, ஏத்திக்கிட்டிருக்கோம். ஆனா ரொம்ப லேட்டா வந்திருக்கா."

செங்கமலத்துக்கு முழுசாகப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது. வெளியே வந்து முத்துவேலிடம் சொன்னாள். "நான் ஊத்துன முட்டைதாங்க." அவன் திட்டவில்லை, மகள் கிடந்த வார்டு பக்கம் நடந்தான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசி மருந்தும் ஏறியது. கீதாஞ்சலி அதற்குக் காத்திருக்கவில்லை. விடியும்போது போய்விட்டாள்.

வாசலில் பந்தல் போட்டார்கள். சடங்குக்கு வாங்கிய பட்டுப்பாவாடையையே கட்டிவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் கண்ணேறு கண்ணேறு என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். செங்கமலம் ஒவ்வொருத்தி கையாகப் பிடித்தாள்.

"கண்ணும் இல்ல, காத்தும் இல்ல. என் கோழிதான்டி. அந்த முட்டைய யாரும் திங்காதீங்க."

"பெத்த வயிறு, பெனாத்துது" என்று ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். பெனாத்தவில்லை என்று எப்படி நிரூபிப்பது? டாக்டர் சொன்னதை அவள் சொன்னால் அது அழுகையாகத்தான் வந்தது.

குழிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல மனுஷி. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவள். அவள் மருமகள் ஏழு மாசம்.

"கோழிய நெனச்சுக் கவலப்படாத செங்கமலம். வாயில்லா ஜீவன், பட்டினி கெடக்குமேன்னு நானே புடிச்சு எங்க வூட்டுல அடச்சிட்டேன். நீ வெக்கிற பவுடரும் செவுத்துப் பொறையில இருந்துச்சு, தண்ணியில கலந்து வச்சேன். முட்டைய மருமவதான் குடிக்கிறா."

செங்கமலம் எழுந்திருக்கப் பார்த்தாள். புத்தி கலங்கி எங்கேயாவது ஓடிவிடப் போகிறாள் என்று இரண்டு பெண்கள் அவளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.