மாகாணம் என்று கேட்ட இடத்தில்

அண்ணனின் விண்ணப்பம் திரும்பி வந்தபோது அதில் ஒரே ஓர் இடத்தில் நீலப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். அந்த இடத்தை எழுதியவள் நான்.

அண்ணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் சாமி கும்பிட்டு வருவார்கள். இவர் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். எந்தக் கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாயவேண்டும் என்று கல்லில் வெட்டியிருப்பதைப் படியெடுத்து வந்து, "இத இன்னைக்குக் கோர்ட்டுல நீட்டினா செல்லுமா, செல்லாதா?" என்று கேட்பார். யாருக்குத் தெரியும்? ஆனால் வருஷா வருஷம் மடைத் தகராறில் மண்டை உடைகிற ஊர் எங்களுடையது. கேள்வி எனக்கும் தொற்றிக்கொண்டது. சட்டமும் படிக்கவேண்டும், கல்வெட்டில் டாக்டர் பட்டமும் வாங்கவேண்டும், ஒன்றை விட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும் என்பது அவர் கட்சி.

எம்.ஏ. முடித்த கையோடு பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போட்டார். பட்டணத்திலிருந்து, முதலில் சட்டம், ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் என்று பதில் வந்தது. வடக்கே, மூன்று நாள் ரயிலில் போகவேண்டிய ஒன்று மட்டும், இரண்டையும் சேர்த்தே படிக்கலாம் என்றது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தார். அங்கே அரிசிச் சோறு கிடைக்குமா, குளிர் எப்படி, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நாங்கள் பேசாத நாளில்லை. அதே சமயம் எனக்கும் திருச்சியில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும்தான்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பாரத்தை நான் பூர்த்தி செய்தேன். எந்த மாகாணம் என்று கேட்ட இடத்தில் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று எழுதினேன். சமஸ்தானம் போய், சென்னை மாகாணத்தில் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெரியாதவளா நான்? பள்ளிக்கூட நாளெல்லாம் எழுதிய விலாசம், கை தானாக எழுதிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் அன்றைக்குச் செய்த தப்புதான். அப்படி ஒரு மாகாணம் இல்லை, சரியான சான்றோடு மறுபடி அனுப்பவும் என்று திருப்பிவிட்டார்கள். பாரம் வீடு வந்து சேர்ந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. இப்போதும் எதில் கையெழுத்துப் போட்டாலும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "என் கவனக்குறைவு" என்று அம்மாவிடம் சொன்னார். அதுதான் இன்னும் குத்தியது. அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் எங்களில் ஒருவர் கூட இருந்தே ஆகவேண்டும். அண்ணன்தான் ஊரில் இருக்கிறாரே என்று என்னைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். நான் டீச்சராகத் திரும்புவதற்குள் வடக்கே இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள்; அவர் பட்டணம் போய்ச் சட்டம் மட்டும் படித்தார். டாக்டர் பட்டம் போனது போனதுதான்.

வக்கீலாகிச் சில வருஷம் கழித்து, ஒரு மடை வழக்கில் அந்தக் கல்வெட்டுப் படியைக் கோர்ட்டில் நீட்டினார். இதைப் படியெடுத்தவருக்கு என்ன தகுதி என்று கேட்டு ஒதுக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கொடுக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பாரத்த நான் ஒழுங்கா எழுதியிருந்தா ஒங்கள இப்படிக் கேட்டிருப்பாங்களா அண்ணே?" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ எழுதினத நான் அன்னைக்கே பாத்தேன் தங்கச்சி. பாத்துட்டுத்தான் தபால்ல போட்டேன்."

"எதுக்கு?" என்றேன்.

"நான் வடக்க போயிருந்தா, நீ அம்மாவப் பாத்துக்கிட்டு வீட்டோட கெடந்திருப்ப. வந்த எடமும் போயிருக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருஷம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். "என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா அப்பவே நானே அடிச்சுத் திருத்திக் குடுத்திருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல" என்றார் அண்ணன்.