வாய்க்காலுக்கு அக்கரைக் குளம்படி

விசுவமடுவில் ஒரு மாடு காணாமற் போனால் சுப்பம்மா அன்றைக்குக் கூலிக்குப் போகமாட்டாள். போய் என்ன செய்வது? எப்படியும் ஊர் விழிப்புக்குழு அவள் வீட்டுக்கு வரும். அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகும். ஒரு நாம்பன் மாட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டான். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபோது, உடுத்திருந்த சேலையோடும் மகன் வீரையாவோடும் லொறியேறி வன்னிக்கு வந்தாள். வாய்க்கால் கரையில் பற்றை வெட்டிக் குடிசை போட்டாள். அவளைப் போல வந்த இன்னும் பதினைந்து குடும்பங்கள் அதே கரையில் ஒதுங்கின. ஊராரின் மிளகாய்த் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கிப் பிடுங்கி அவள் விரல்கள் காய்த்துப் போயின.

பொலிஸ் நிலையமோ தூரம். போனாலும் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்து வைத்தவனுக்கே தெரியாது. அதனால் ஊரார் தாங்களே குழு அமைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் பெற்ற பரமலிங்கத்தார் தலைவர். அவர் ஒரு சட்டம் வைத்தார். களவுபோன மாட்டின் குளம்படியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அடி யாருடைய வளவில் அழிகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேட்க நியாயம்தான். ஆனால் ஊர் மாடெல்லாம் தண்ணீர் குடிக்க இறங்குவது சுப்பம்மாவின் வாசலுக்கு முன்னால். அத்தனை மாடுகள் மிதித்த சேற்றில் எந்த அடிதான் அழியாது? ஐந்து வருடத்தில் ஆறு தடவை அவள் குடிசையைக் கிளறினார்கள். ஒரு வால் மயிர்கூட அகப்படவில்லை. அதையும் அவளுடைய கெட்டித்தனம் என்றே சொன்னார்கள். கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

எண்பத்திரண்டு மாசியில் வீரகத்தியின் செவலை நாம்பன் காணாமற் போனது. இந்த முறை அவர்கள் பானையைத் தொடவில்லை. வீரையாவைப் பிடித்து வாசிகசாலைத் தூணில் கட்டினார்கள். பின்னேர பஸ்ஸில் பொலிஸுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அந்த நாட்களில் மாட்டுக் கள்ளன் என்று உள்ளே போகிற இளைஞன், பயங்கரவாதி என்று எங்கேயோ ஏற்றப்படுவான். அது ஊருக்கே தெரியும், பரமலிங்கத்தாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கட்டினார்கள்.

சுப்பம்மா நேரே பரமலிங்கத்தார் முன்னால் போய் நின்றாள்.

"அடி எங்கங்கய்யா அழிஞ்சிச்சு?"

"உன்ர வாசல்லதான். பேந்தென்ன கதை?"

"அழிஞ்ச எடத்துலயே நின்னுட்டீங்க. அக்கரைக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"அங்கால எங்கட ஆக்களின்ர வளவுகள். அங்க ஏன் பாக்கவேணும்?"

கொஞ்சமும் கூச்சமில்லாமல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார் மனுஷன்.

சுப்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். அவள் பின்னால் இறங்கியது மாட்டுக்காரர் வீரகத்தி மட்டும்தான். அவருக்கு மாடு வேண்டும். மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த நாம்பன் இடது பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். அக்கரையில் சேறு முடிந்த இடத்தில், ஈர மணலில், இழுத்து வைத்த அடி பளிச்சென்று தெரிந்தது. அது பரமலிங்கத்தாரின் மைத்துனர் யோகநாதனின் படலைக்குள் போனது. வைக்கோற் போருக்குப் பின்னால் நாம்பன் கட்டப்பட்டு நின்றது, அசைபோட்டுக்கொண்டு.

"தானா வந்து நிண்டது. ஆரின்ரயோ மாடெண்டு கட்டி வச்சனான்," என்றார் யோகநாதன்.

அவ்வளவுதான். அவரை யாரும் தூணில் கட்டவில்லை. அவர் குசினிக்குள் யாரும் நுழைந்து பானையைத் துழாவவில்லை. "மாடு கிடைச்சிட்டுதுதானே, இனி விடுங்கோ," என்று பரமலிங்கத்தார் முடித்துவைத்தார். வீரையாவை அவிழ்த்ததும் சுப்பம்மாதான். முடிச்சுப் போட்டவர்களில் ஒருவருக்கும் அவிழ்க்கக் கை வரவில்லை. அவன் மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு வாசிகசாலையில் கூடியது. சுப்பம்மா வெளியே வாசலில் நின்றாள். அடி பார்க்கிற முறையால் மானமுள்ள குடும்பங்களுக்குத் தலைகுனிவு வருகிறதாம், அதை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் மாடு காணாமற் போனால் நேரத்தை வீணாக்காமல் வாய்க்கால் கரைக் குடிசைகளை நேரடியாகச் சோதிப்பது என்று தீர்மானம். எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

"அப்ப யோகநாதன் ஐயா வீட்டுல எப்பங்க பாப்பீங்க?" என்று வாசலில் நின்றபடி கேட்டாள் சுப்பம்மா.

ஏதோ பகிடி கேட்டதுபோல எல்லோரும் சிரித்தார்கள். வீரகத்தியும் சிரித்தார்.