உதட்டில் வைத்த சாவி

சாவிக்காரம்மாவுக்கு உதடு வீங்கினால் தெருவே டாக்டராகிவிடும். ஒருத்தர் கத்தரிக்காய் என்பார், இன்னொருத்தர் சோப்பு என்பார். அண்ணி மட்டும் ஒரே பாட்டைத்தான் பாடுவாள்: "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த இரும்பு வேலை?"

அப்பா சாவிக்காரம்மா பெயருக்கே எழுதிவைத்த கடை அது. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் பளபளவென்று தொங்கும், நடுவில் சாவி வெட்டும் மெஷின். வெட்டும்போது உதிரும் தூளை வாயால் ஊதித் தள்ளுவாள். திறக்காத பூட்டுக்குள் ஸ்ப்ரே அடிப்பாள், அந்த நெடிக்குத் தலை கிறுகிறுக்கும். விரலெல்லாம் வெடித்து, சட்டைப் பொத்தான் போடக்கூட உயிர் போனது. கடையைக் கைபேசி விற்கும் ஒருவருக்கு விற்றுவிடு என்று அண்ணன் விடாமல் நச்சரித்தான்.

தோல் டாக்டர், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, அவள் முதுகில் வரிசையாக மருந்துப் பட்டைகளை ஒட்டி அனுப்பினார். பிரித்தபோது ஒரே ஒரு இடம் சிவந்து தடித்திருந்தது.

"நிக்கல்மா. சாவியோட பளபளப்பே அதுதான். ஸ்ப்ரே நெடியும் உங்களுக்கு ஆகல."

"கையில வர்றது சரி. உதட்டுல எப்படி டாக்டர்?"

"அதை நீங்கதான் கவனிக்கணும்."

மறுநாள் காலை வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு சாவி கேட்டார். ஒன்றை மெஷினில் பூட்டினாள். இன்னொன்றை, அப்பா செய்தது போலவே, கை ஒழியட்டும் என்று உதட்டில் கவ்விக்கொண்டாள். மெஷின் ஓடத் தொடங்கியதும்தான் பொறி தட்டியது. சாவியைத் துப்பினாள். இத்தனை வருஷமாகக் கத்தரிக்காயைத் திட்டியதை நினைத்து அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அதற்கப்புறம் அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. மெஷின் ஓடும்போது கையுறை போட்டால் சக்கரம் விரலோடு இழுத்துக்கொள்ளும். ஆகவே மெஷின் நின்றிருக்கும்போது மட்டும் கையுறை, ஓடும்போது அதைப் பிடிக்கப் பிளாஸ்டிக் கைப்பிடி. ஊதுவதற்குப் பதில் பிரஷ். முகத்துக்கு மாஸ்க். ஸ்ப்ரே குப்பைக்குப் போனது. வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'செண்ட் போட்டவர்கள் வெளியிலேயே நிற்கவும்.'

"இதென்ன கடையா, கோர்ட்டா?" என்றார் எதிர்க்கடை தையல்காரர்.

"தீர்ப்பு பிடிக்கலேன்னா அடுத்த தெருவுல சாவி வெட்டிக்கோங்க!"

விரல்கள் மெல்ல ஆறின. முழுசாக ஆறவில்லைதான், ஆனால் பொத்தான் போட முடிந்தது.

ஒருநாள் காலை அவள் வந்தபோது, அண்ணன் கைபேசிக்காரரைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தான். அப்பா காலத்து மாற்றுச் சாவி அவன் கையில் இருந்தது. பூட்டோடு மல்லுக்கட்டி முகமெல்லாம் வியர்வை. அவன் போட்டிருந்த செண்டின் நெடி தெருமுனை வரைக்கும் வந்தது.

"என்னம்மா, பூட்டு திறக்கவே மாட்டேங்குது?"

"பழைய பூட்டைக் கழட்டிட்டேன் அண்ணே. இது புதுசு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? நான் உன் நல்லதுக்குத்தானே அலையுறேன்!"

"என் நல்லதுக்குன்னா கொஞ்சம் தள்ளி நில்லு. எனக்கு மூச்சு முட்டுது."

அண்ணன் இரண்டடி பின்வாங்கினான். அவள் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு, பூட்டைத் திறந்து, உள்ளே போய் மெஷினின் உறையை எடுத்தாள்.

"சரி, எனக்கும் ஒரு சாவி வெட்டிக் கொடு" என்றான் வெளியிலிருந்தே.

"எந்தப் பூட்டுக்கு வேணும்னாலும் கொண்டா, வெட்டித் தர்றேன். இந்தப் பூட்டுக்கு மட்டும் வெட்ட மாட்டேன்."