கண்ணாடிக்காரர் கண்டெடுத்த பந்துகள்

கோல்ஃப் என்றதும் வெள்ளைக் கால்சட்டையும் பளபளக்கும் காரும் நினைவுக்கு வருகிறவர்கள், நம் கண்ணாடிக்காரர் ஆடிய மைதானத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். நகராட்சிக்குச் சொந்தமான இடம். மொத்தமே ஒன்பது குழி. பதினெட்டு ஆட ஆசைப்பட்டால் அதையே இன்னொரு சுற்று சுற்ற வேண்டும். ஒரு பக்கம் குடிநீர்த் தொட்டி, மறுபக்கம் பேருந்துப் பணிமனை. புல்வெட்டும் இயந்திரம் பாதி நாள் படுத்துக்கிடக்கும். மழை வலுத்தால் மூன்றாவது குழிப் பக்கம் வாத்துகள் குடியேறிவிடும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவர் கண்ணாடிக்காரர். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?” என்று கேட்பதுதான் பிழைப்பு. மீதி நேரத்தில் வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக்கொண்டிருப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டி எதையும் பார்க்காத மனிதர். அப்படிப்பட்டவரை வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தி, “அதோ அந்தக் கொடியைப் பாரு மாப்ள” என்று காட்டியது மச்சான்.

மச்சான் என்றால் மனைவிக்கு அண்ணன். நில அளவைத் துறையில் இருந்தவர். வாழ்நாளில் பாதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கருவிக்குள் பார்த்தே கழித்தவர். கொடிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் நின்ற இடத்திலிருந்தே சொல்வார். சந்தேகப்பட்டு நடந்து அளந்தவர்கள் பிறகு அவரைக் கேட்டுத்தான் மட்டையை எடுப்பார்கள்.

கண்ணாடிக்காரருக்கோ ஆட்டம் கடைசிவரை பிடிபடவே இல்லை. பந்து வலப்பக்கம் வளைந்து போவது அவருக்குப் பிறவிக் குணம். அவர் அடித்த ஒரு பந்து பணிமனை வேலியைத் தாண்டி ஏதோ ஒரு பேருந்தின் கூரையில் விழுந்து, வழித்தடம் பூராவும் ஊர்வலம் போனது என்று மச்சான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். குழிக்கு ஓரடி தள்ளி நின்று மூன்று தட்டு தட்டுவார் கண்ணாடிக்காரர். மட்டையைத் தூக்கி எறியப்போவார். அப்போது பார்த்து ஒரு பந்து, அடித்ததே கைக்குத் தெரியாமல், நூல் பிடித்தாற்போல் நேராகப் போய் விழும். அந்த ஒன்றை நம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பார். கோல்ஃப் ஆளைப் பிடித்து வைத்திருக்கும் விதம் அதுதான். வாரம் முழுக்க ஏசிவிட்டு ஒரு நாள் சிரித்துப் பேசும் மேலதிகாரி மாதிரி.

“நாலு மணி நேரம் வெயில்ல அலைஞ்சுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வர்றதுக்குப் பேரு விளையாட்டா?” என்பாள் மனைவி.

“உங்க அண்ணனைக் கேளு.”

“அவன் சிரிச்சுக்கிட்டுத்தானே வர்றான்!”

மச்சானின் மனைவி இறந்தபின் அந்தச் சிரிப்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. வேலையிலிருந்தும் ஓய்வு. மற்ற ஆறு நாளும் வீட்டுக்குள் திரைச்சீலையைக்கூட விலக்காமல் கிடப்பார். ஞாயிறு காலையில் மட்டும் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, வாசலில் பையோடு தயாராக நிற்பார். அண்ணனை உயிரோடு வைத்திருப்பது இந்த விளங்காத விளையாட்டுதான் என்பது தங்கைக்குத் தெரியும். அதனால் ஏசுவாளே தவிர, போகாதே என்று ஒருநாளும் தடுத்ததில்லை.

அப்புறம் ஒருநாள் மச்சான் கடைக்கு வந்து, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றார். இருட்டறையில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் பார்த்தவர், “ஓரத்து எழுத்தெல்லாம் இருக்கு. நடு எழுத்தை யாரு அழிச்சது?” என்று கேட்டார். கண்ணாடிக்காரர் வில்லையை மேலும் இரண்டு தடவை மாற்றிப்பார்த்தார். அது சும்மா பாவனைதான். விஷயம் அவருக்கு முதல் வில்லையிலேயே விளங்கிவிட்டது.

மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஓரங்கள் மிஞ்சும், போனது திரும்பாது என்றார் மருத்துவர். வெளியே வந்து படியிறங்கும்போது மச்சான் சொன்னார்: “பந்தைத் தொலைக்க ஆரம்பிச்சேன்னா அன்னிக்கே மட்டையை வச்சிடுவேன் மாப்ள. பின்னாடி வர்றவனை எல்லாம் நிறுத்திவச்சுட்டு புல்லுக்குள்ள தடவிக்கிட்டு நிக்க மாட்டேன்.”

சொன்னால் செய்கிற ஆள். முப்பது வருஷம் பிடித்த சிகரெட்டை ஒரு மத்தியானம் நிறுத்தியவர். 

தரையில் இருக்கும் பந்தைத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பிடித்து மச்சான் அடித்துவிடுவார். கை பழகிய கை. அடித்த பந்து எங்கே போனது என்பதுதான் தெரியாது. அதைக் கண்ணாடிக்காரர் பார்த்துக்கொள்வார். “நேரா போச்சு மச்சான்.” “கொஞ்சம் இடது பக்கம், மரத்தடியில.” கிடைத்தவரை சரி. புதருக்குள்ளும் உயர்ந்த புல்லுக்குள்ளும் போன பந்தை என்ன செய்வது? தேட மூன்று நிமிஷம் என்பது விதி. அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. ஓர் அடி தண்டம், திரும்பவும் பழைய இடத்திலிருந்து ஆட வேண்டும். மச்சான் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து, அதன் டிக் டிக்கை எண்ணிக்கொண்டு நிற்பார். மூன்று நிமிஷம் என்றால் மூன்று நிமிஷம்தான் அவருக்கு.

முதல் தடவை அப்படி நின்றபோது, கண்ணாடிக்காரர் தன் கால்சட்டைப் பையிலிருந்த ஒரு பந்தைப் புல்லில் நழுவவிட்டு, “இதோ இருக்கு!” என்று கத்திவிட்டார். யோசித்துச் செய்ததல்ல. மச்சான் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபின், யோசித்துச் செய்ய ஆரம்பித்தார்.

எல்லோரும் தம் பந்தில் ஓர் அடையாளம் வரைந்துகொள்வார்கள். மச்சானுடையது நீல முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி. நில அளவைக்காரர்கள் வரைபடத்தில் போடும் குறி. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடிக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, வில்லையின் மையத்தைக் குறிக்கும் மெல்லிய பேனாவால் பந்து பந்தாக முக்கோணம் வரைந்தார். மச்சானின் கை நடுக்கம் உட்பட நகல் எடுக்கக் கற்றுக்கொண்டார். ஞாயிறுதோறும் அவர் பை கனத்தது.

அதற்குப் பிறகு மச்சானின் ஆட்டம் அமோகம். ஒரு பந்தும் தொலைவதில்லை. புதருக்குள் போனதெல்லாம் புதரின் ஓரத்தில், அடிக்க வசதியான இடத்தில் கிடந்தது. எத்தனை குறைந்த அடியில் முடிக்கிறோமோ அத்தனை சிறப்பு என்கிற ஆட்டத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக நூறு அடிக்குக் கீழே பதினெட்டுக் குழியையும் முடித்தார். அன்று தங்கை வீட்டில் சாப்பாடு. ஒவ்வொரு அடியாக விவரித்தார் மச்சான். “கண்ணு போகப் போக ஆட்டம் ஏறுது பாரேன்! எழுத்துப் பலகைதான் தெரியல, கொடி நல்லாத் தெரியுது” என்றார். தங்கை சிரித்தாள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். இதில் அவருக்கும் சுயநலம் இருந்தது. மச்சான் இல்லாத மைதானத்தில் அவருக்கு யாரைத் தெரியும்?

அந்த ஞாயிறு வானம் முழுக்கச் சாம்பல் நிறம். தூறலுக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை. ஏழாவது குழிக்கு வந்தார்கள். தூரம் குறைந்த குழி. முன்னால் ஒரு மேடு மறைத்திருக்கும். அடிக்கிற இடத்திலிருந்து கொடியின் உச்சி மட்டும் தெரியும். மச்சான் தலையைச் சாய்த்து அடித்தார். பந்து உயரே போனது. கண்ணாடிக்காரர் அண்ணாந்தார். மேகத்தின் வெளிறிய சாம்பலில் பந்தின் வெள்ளை கலந்து, கண்ணிலிருந்து தப்பிவிட்டது. இதுவரை அப்படி ஆனதில்லை.

“எங்க மாப்ள?”

“இடது பக்கம்தான்... பாத்துக்கலாம்.”

மேடேறிப் போனார்கள். புல்தரையில் பந்து இல்லை. இடப்பக்கம் முள்ளுப்புதர். அதற்குள் போயிருந்தால் அவ்வளவுதான். மச்சான் கை கடிகாரத்துக்குப் போவதற்குள் கண்ணாடிக்காரர் பையிலிருந்து ஒன்றை நழுவவிட்டு, “இதோ மச்சான், புதர் ஓரத்துல!” என்றார். மச்சான் வந்து, குனிந்து, முக்கோணத்தை ஓரக்கண்ணால் பார்த்து, மெதுவாகத் தட்டினார். பந்து உருண்டு கொடியருகே நின்றது.

“பிரமாதம்!” என்று கொடியைப் பிடுங்கப் போனார் கண்ணாடிக்காரர். குழிக்குள் ஒரு பந்து கிடந்தது. நீல முக்கோணம்.

ஒரே அடியில் குழி! ஆயுள் முழுக்க ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாய்க்காதது. மைதானத்து அலுவலகச் சுவரில் அப்படி அடித்தவர்களுக்கென்று ஒரு பலகை உண்டு; வருகிற போகிற போதெல்லாம் மச்சான் அதன் முன் ஒரு நிமிஷம் நிற்பார். சந்தோஷத்தில் கண்ணாடிக்காரருக்குப் புத்தி கெட்டுவிட்டது.

“மச்சான்! உள்ள போயிருச்சு மச்சான்! ஒரே அடியில! உள்ள கிடக்கு!”

மச்சான் அசையவில்லை. கையில் மட்டையோடு அப்படியே நின்றார்.

“அப்ப நான் இப்ப அடிச்சது எது?”

 மச்சான் மெல்ல நடந்து வந்தார். கொடியருகே நின்ற பந்தை எடுத்தார். குழிக்குள் கையை விட்டு மற்றதையும் எடுத்தார். இரண்டையும் முகத்துக்கு அருகே கொண்டுபோய், தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

“நல்லா வரைஞ்சிருக்கீங்க” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் மாப்பிள்ளையை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

“எத்தனை நாளா?”

“மச்சான்...”

“நூறுக்குக் கீழ அடிச்சேனே, அன்னிக்கும்தானா?”

“அன்னிக்கு ரெண்டே ரெண்டுதான் மச்சான்.”

இதைவிடக் கேவலமான ஒரு பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. சொல்லும்போதே அவருக்கும் தெரிந்தது. மச்சான் லேசாகச் சிரித்தார்; அந்தச் சிரிப்பைப் பார்ப்பதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

“அதை விடுங்க மச்சான். திட்டுங்க, அடிங்க. ஆனா இது நிஜம். இது நீங்க அடிச்சது. சத்தியமா நான் போடல.”

“நான் குனிஞ்சு அடிக்கும்போது போட்டீங்களா? இல்ல, கொடியை எடுக்கப் போனப்பவா?”

“என் பிள்ளை மேல சத்தியமா மச்சான்!”

“பிள்ளையை ஏன் இழுக்கறீங்க, பாவம்.” இரண்டு பந்தையும் கண்ணாடிக்காரரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “எது எதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

கண்ணாடிக்காரர் கையைத் திறந்து பார்த்தார். உருப்பெருக்கி இல்லாமல் அவருக்கும் தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் விடவில்லை. அலுவலகத்துக்கு ஓடி, பலகையில் பெயர் எழுதச் சொன்னார். சாட்சி யார் என்று கேட்டார் மேலாளர். நான்தான் என்றார். “அடிச்சவரும் வந்து சொல்லணுமே” என்றார் மேலாளர். அடித்தவர் வெளியே தூறலில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பியே பார்க்கவில்லை. வந்த பேருந்தின் எண் தெரியாமல் நடத்துநரிடம் கேட்டு ஏறினார்.

அடுத்த ஞாயிறு காலையில் கண்ணாடிக்காரர் போனபோது வாசலில் யாரும் இல்லை. கதவைத் தட்டினார். “உடம்பு சரியில்ல, போயிட்டு வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். பிறகு பதிலும் இல்லை. தங்கை சமைத்து எடுத்துக்கொண்டு போவாள். சவரம் செய்யாத முகத்தோடு வந்து கதவைத் திறப்பாராம். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, பழைய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுச் சாத்திக்கொள்வாராம். எந்தக் கதவு சாத்தாமல் இருக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர் ஒரு வருஷம் பாடுபட்டாரோ, அதைத் தன் கையாலேயே சாத்தியிருக்கிறார் மனிதர்.

ஒரு மத்தியானம் அவள் அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். போன தடவை கொடுத்தது தொடாமல் அப்படியே இருந்தது. கண்ணாடிக்காரர் வில்லை தேய்ப்பதை நிறுத்தினார்.

“எனக்கு உங்க மேல கோபம் இல்ல” என்றாள். “நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

“கேளு.”

“அந்தக் குழிக்குள்ள கிடந்தது, நீங்க போட்டதுதானே?”