விட்டுப்போன ஆரம்

திருப்பதிக் கல்லூரியில் கணக்குத் தாளை மூன்றாவது முறையாக எழுதப் போனேன். பழைய பாடத்திட்டத்துக்கு அதுதான் கடைசித் தேர்வு. தேறினால் பட்டம். பட்டம் இருந்தால் வாத்தியார் வேலை. அந்த வருஷங்களில் எல்லை அளப்பவர்கள் எங்கள் விஜயபுரம் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா, யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் கணக்கு வாத்தியார் வேண்டும் என்பது என் அப்பா, நைனாவின் எண்ணம். எனக்கென்று எண்ணம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. முதல் இரண்டு முறை தவறியபோது ஊருக்குப் போகவில்லை. ரேணிகுண்டாவில் மூட்டை தூக்கினேன், புத்தூரில் ஓட்டலில் இலை எடுத்தேன்.

பெரிய கேள்வி ஒன்று வந்தது. ஓர் உருளை. நடு அச்சிலிருந்து விலக விலக, அந்தத் தூரத்துக்கு ஏற்ப அடர்த்தி கூடுகிறது. மொத்த நிறை எவ்வளவு? மூன்று தொகையீட்டுக் குறிகளை அடுத்தடுத்துப் போட்டேன். உயரத்துக்கு ஒன்று, சுற்றிவரும் கோணத்துக்கு ஒன்று, ஆரத்துக்கு ஒன்று. தடங்கலே இல்லாமல் விடை வந்தது. அரை மணி முன்னதாகவே தாளைக் கொடுத்துவிட்டு அலிபிரி வரை நடந்தேன். மலையிலிருந்து மொட்டைத் தலைகள் இறங்கி வந்தன. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால் தெரியாது. வெயில் அதிகம்.

அறைக்குத் திரும்பினபோது கூடத் தங்கியிருந்தவன் பொரி தின்றுகொண்டிருந்தான். சித்தூர் மிஷன் குடும்பத்துப் பையன். அவனும் அதே தாளைத்தான் எழுதியிருந்தான்.

"இன்னாடா, பாதிலயே எழுந்து போய்க்கினு இருந்தியே, சாமியாராவப் போறியா?"

"முடிச்சிட்டேன்."

"சிலிண்டருக்கு இன்னா வந்துச்சி?"

சொன்னேன். அவன் வாய் நின்றது.

"ஆரம் கியூப்ல வரணுமேடா. உனுக்கு ஸ்கொயர்ல நிக்குது. உள்ள ஆர் போட்டியா?"

"போட்டேனே. அடர்த்திக்கு."

"அது அடர்த்தியோடது. துண்டுக்கு இன்னொண்ணு எங்க?"

பாயில் விரலால் எழுதிப் பார்த்தேன்.

"போச்சி போ. எங்க ஏசப்பாகூட உனுக்கு மார்க் போட மாட்டாரு. மேல இருக்கறவராண்ட கேட்டுப் பாரு, மொட்டையாவது கெடைக்கும்."

அச்சுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டினால் குறுகலாக இருக்கும். அதே கோணத்துக்குள் தள்ளிப்போய் வெட்டினால் அகலமாக இருக்கும். அந்த அகலத்துக்காக ஆரத்தை இன்னொரு முறை பெருக்க வேண்டும். நான் எல்லாத் துண்டுகளையும் ஒரே அகலமாக வைத்துக் கணக்கை முடித்திருந்தேன். மற்ற கேள்விகளில் சேர்த்து வைத்தது போதாது என்பதும் தெரிந்தது. அவன் மிச்சப் பொரியை நீட்டினான். வாங்கித் தின்றேன்.

ஊருக்குப் போனபோது போரடிப்பு நடந்துகொண்டிருந்தது. களத்தில் கதிரைப் பரப்பி, நாலு மாடுகளை ஒரே கயிற்றில் வரிசையாகப் பிணைத்து, நடுக்கம்பத்தைச் சுற்றி மிதிக்க விட வேண்டும். நான் பிணைத்து ஓட்டினேன். ஐந்தாறு சுற்றில் ஓரத்திலிருந்த கிழ மாடு படுத்துவிட்டது. நைனா வரப்பிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"டேய், கெழ மாட்ட இன்னாத்துக்குடா வெளியில கட்டினே? கம்பத்தாண்ட இருக்கறது ஒரு அடி வெச்சா ஓரத்துல இருக்கறது நாலு அடி வெக்கணும். இதுகூட தெரியாம காலேஜி!"

அவரே அவிழ்த்து, கிழ மாட்டைக் கம்பத்தோரம் மாற்றி, திடமான மாட்டை வெளியில் கட்டினார். சின்ன வயதிலிருந்தே எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

"நைனா, நான் பாஸாவ மாட்டேன்."

"ரிசல்ட்டு வந்துடுச்சா?"

"வரல."

"பின்ன உனுக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டக் கட்டின மாதிரிதான் அங்கயும் எழுதிட்டு வந்தேன்."

அவர் கயிற்றை என் கையில் கொடுத்தார். அவருக்கு என்ன புரிந்ததென்று நான் கேட்கவில்லை. "ஓட்டு," என்றார். இருட்டும்வரை ஓட்டினோம்.

வைகாசியில் முடிவு வந்தது. என் எண் இல்லை. நைனா கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் கூடூர் பக்கம் தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்ட ஆள் எடுத்தார்கள். வரிசையில் நின்றேன். என்ன படித்திருக்கிறாய் என்று மேஸ்திரி தெலுங்கில் கேட்டார்.

எட்டாவது என்றேன்.